உமி இல்லாத இடத்தில் உலக்கை எதற்கு?

ஒவ்வொரு ஐ.சி.யின் பவர் காலுக்கும் பக்கத்தில் 100 நானோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைக்க வேண்டும். சர்க்யூட் போர்டு வரையக் கற்கிற மாணவரின் காதில் தொடக்கத்திலேயே விழுகிற விதி இது. ஆசிரியர் சொல்கிறார், டேட்டாஷீட் சொல்கிறது, வேலைக்குப் போனால் மூத்த பொறியாளரும் அதையே சொல்கிறார். ஏன் 100, ஏன் 47 கூடாது, பக்கத்தில் என்றால் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டுப் பாருங்கள். எல்லாரும் அப்படித்தான் வைக்கிறார்கள் என்ற பதிலே பெரும்பாலும் வரும். கோயிலை ஏன் வலமாகச் சுற்ற வேண்டும், விளக்கை ஏன் ஊதி அணைக்கக் கூடாது என்று கேட்கிற பிள்ளைக்கு வீட்டில் கிடைப்பதும் இதே பதில்தான். காரணம் அறியாமல் ஒரு விதியைப் பின்பற்றுகிறவரை அறிந்தவர் என்று சொல்லலாமா? சமயமும் தத்துவமும் நெடுங்காலமாக வாதாடிவரும் கேள்வி இது. இந்தச் சின்ன மின்தேக்கியை வைத்து அதை விசாரித்தால், வழக்கமாகப் பிரதிவாதிக் கூண்டில் நிற்கிறவர் தவறான ஆள் என்பது தெரிகிறது. காரணம் கேட்காமல் பின்பற்றுகிறவர் மேல் குற்றமில்லை. காரணத்தையும் எல்லையையும் கழற்றிவிட்டு விதியை மட்டும் கையில் கொடுக்கிறவரைத்தான் விசாரிக்க வேண்டும்.

முதலில் அந்த மின்தேக்கி செய்கிற வேலை. டிஜிட்டல் சிப் மின்சாரத்தைச் சீராகக் குடிப்பதில்லை. உள்ளே உள்ள டிரான்சிஸ்டர்கள் ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குத் தாவும் கணத்தில் மட்டும் வெடுக்கென்று இழுக்கும். அந்தக் கணம் ஒரு நானோ நொடி அளவே நீளும். பவர் சப்ளை எங்கோ பலகையின் மூலையில் இருக்கிறது. நடுவிலுள்ள செப்புத் தடத்துக்கு இண்டக்டன்ஸ் உண்டு. அதாவது, மின்னோட்டம் திடீரென மாறுவதை அது எதிர்க்கும். மெல்லிய தடமொன்றுக்கு, மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு நானோ ஹென்றி என்று தோராயக் கணக்கு. பத்து மில்லிமீட்டர் தடத்தில் ஒரு நானோ நொடிக்குள் 100 மில்லி ஆம்பியர் ஏற வேண்டுமானால் அந்தத் தடத்திலேயே ஒரு வோல்ட் விழுந்துவிடும். 3.3 வோல்ட்டை நம்பியிருக்கிற சிப்புக்கு அந்தக் கணத்தில் 2.3 வோல்ட்தான் போய்ச் சேரும். ஊர் எல்லையில் ஏரி நிறைந்து கிடந்தாலும் அடுப்படியில் ஒரு குடம் தண்ணீர் வேண்டும் அல்லவா, அந்தக் குடம்தான் இந்த மின்தேக்கி. அவசரத் தேவையைப் பக்கத்திலிருந்தே கொடுத்துவிட்டு, பிறகு நிதானமாகத் தன்னை நிரப்பிக்கொள்கிறது. 1960களில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கொண்டுவந்த 7400 வரிசைச் சிப்புகளில் இதன் தேவை அப்பட்டமாகத் தெரிந்தது. அவற்றின் வெளியீட்டுப் பகுதியில் மேல் டிரான்சிஸ்டரும் கீழ் டிரான்சிஸ்டரும் மாறும் நேரத்தில் ஒரு நொடித்துளி சேர்ந்தே கடத்தி மின்னோட்டத்தைக் கூர்முனையாக எழுப்பின. போதாததற்கு 14 கால் சிப்புகள் பெரும்பாலானவற்றில் பவர் 14ஆம் காலிலும் கிரவுண்டு 7ஆம் காலிலும், எதிரெதிர் மூலைகளில் இருந்தன. இரண்டு அடுக்குப் பலகை, நீண்ட தடங்கள், மெதுவான சிப்புகள்: அந்த உலகத்துக்குச் சிப்புக்கு ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் பொருத்தமான விடையாகவே இருந்தது. விதிக்குக் காரணம் இருந்தது என்பதை இங்கேயே பதிந்துகொள்வோம்.

இதைப் பின்பற்றுகிறவர் தானே சோதித்து அறியக் கூடாதா? அறிவுக்கான வாயில்களை நம் மரபு அளவை என்று அழைத்தது. 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பலவகை அளவைகளை எண்ணிவிட்டு எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறார். முதலில் காண்டல். மின்தேக்கி தன் வேலையைச் சரியாகச் செய்தால் எதுவும் நடக்காது. மின்னழுத்தம் ஆடாது, பிழை வராது. நடக்காத ஒன்றைத்தான் இங்கே காண வேண்டியிருக்கிறது. குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர் இதைப் பற்றி நிறைய யோசித்தார்கள். தரையில் குடம் இல்லை என்று அறிவதற்கு அது தென்படாமை ஒரு தனி அளவை என்பது அவர்கள் கட்சி. ஆனால், இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலை வேண்டும் என்ற நிபந்தனையும் அதோடு சேர்ந்தது. இருட்டறையில் குடம் தென்படவில்லை என்பதால் குடம் இல்லை என்று சொல்ல முடியாது. சர்க்யூட் போர்டில் ஆசிலோஸ்கோப் வைத்துப் பார்க்கிறவர் பல நேரம் இருட்டறையில்தான் நிற்கிறார். கருவியின் வேகம் போதாவிட்டால் ஒரு நானோ நொடிச் சரிவு திரையில் தெரியாமலே போகும். வேகம் போதும், ஆனால் புரோபின் கிரவுண்டு ஒயர் 15 செ.மீ. நீளம் என்றால் அந்த ஒயரின் இண்டக்டன்ஸே நூறு மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஓர் அதிர்வை உண்டாக்கி, பலகையில் இல்லாத இரைச்சலைத் திரையில் காட்டும். இருப்பதை மறைக்கவும் இல்லாததைக் காட்டவும் வல்லது இந்தக் காட்சி. திரிபுக் காட்சி என்று அளவை நூல்கள் எச்சரித்தது இத்தகையதைத்தான்.

கருதல் கைகொடுக்குமா என்றால் அதுவும் பாதி வழிதான் வருகிறது. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று இருக்கிறது, அது இல்லாத இடத்தில் இதுவும் இல்லை என்று இரு பக்கமும் பார்த்துத்தான் காரணத்தை ஊகிக்க முடியும். மின்தேக்கி வைத்த பலகைகள் கோடிக்கணக்கில் ஓடுகின்றன. முதல் பக்கம் நிறைந்து வழிகிறது. மறுபக்கம்? மின்தேக்கியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிற வேலையை விற்பனைக்குப் போகும் பலகையில் யாரும் செய்வதில்லை. செய்தாலும் மேசைமேல் வைத்த பலகை அப்போதும் பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வெயில் ஏறிய ஒரு மதியத்தில், எல்லா வெளியீடுகளும் ஒரே கணத்தில் மாறுகிற அபூர்வமான வேளையில் ஒரு பிட் புரளும். அதைக் கண்டவர் மென்பொருளைச் சந்தேகிப்பார். ஆக, விதி சரி என்று காட்டவும் தவறு என்று காட்டவும் அன்றாட அனுபவத்துக்கு வலிமை இல்லை. நல்லொழுக்கமோ வழிபாடோ தரும் பயனைப் பற்றிப் பேசும்போதும் இதே இக்கட்டில்தான் நிற்கிறோம்: நேர்ந்த நன்மையைச் சுட்டலாம், நேராமல் போன தீமையை எப்படிச் சுட்டுவது?

மிஞ்சுவது உரை, அதாவது அறிந்தவர் சொல். இதை அளவையாக ஏற்கலாமா என்பதில் நம் தத்துவப் பள்ளிகள் பிரிந்து நின்றன. மணிமேகலையில் அறவண அடிகள் கற்பிக்கும் பௌத்த அளவை முறையில் காண்டலும் கருதலும் மட்டுமே உண்டு. சொல்லை நம்புவது என்பது, சொன்னவர் நம்பத்தக்கவர் என்ற ஊகத்தின் கிளைதான். நியாய நூலார் உரைக்குத் தனி இடம் கொடுத்தார்கள், ஆனால் சொல்கிறவருக்குத் தகுதி விதித்தார்கள். பொருளை நேராக அறிந்திருக்க வேண்டும், அறிந்தபடியே பிறருக்குச் சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் இந்தத் தகுதி முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்று சேர்த்துச் சொன்னது பெரிய விஷயம். பிறப்பும் பட்டமும் அங்கே வேலை செய்யவில்லை. நான் இந்தக் கட்சியின் பக்கம். பௌத்தர் சொல்வதில் கூர்மை இருந்தாலும், ஆயிரம் சிப்புகள் உள்ள பலகையை வரைகிறவர் ஒவ்வொரு சிப்பின் உட்புறத்தையும் தானே அளந்து தீர்க்க முடியாது. தொழில்கள் எல்லாமே உரையின்மேல்தான் நிற்கின்றன. அப்படியானால் டேட்டாஷீட் எழுதிய நிறுவனம் நம்பத்தக்க சான்றோர்தானா? தன் சிப்பைப் பற்றி நேரடியாக அறிந்தவர் அவர்தான், ஐயமில்லை. உங்கள் பலகையை அவர் அறியமாட்டார். எத்தனை அடுக்கு, கிரவுண்டு தளம் எவ்வளவு ஆழத்தில், பக்கத்தில் என்னென்ன இரைச்சல், எதுவும் தெரியாது. ஆகவே இயன்றவரை அருகில் வைக்கவும் என்று எழுதிவிடுகிறார். இந்த வாக்கியத்தை மீறவும் முடியாது, முழுதாக நிறைவேற்றவும் முடியாது. எது இயன்றது என்பதை யார் சொல்வது? அளவில்லாத கட்டளைக்கு ஒரு வசதி உண்டு: பலகை பழுதானால் நீங்கள் போதிய அளவு அருகில் வைக்கவில்லை என்று எப்போதும் சொல்லிக்கொள்ளலாம். பரிகாரம் பலிக்காதபோது நம்பிக்கை குறைவு என்று சொல்வதற்கும் இதற்கும் அதிகத் தூரமில்லை.

அருகில் என்ற சொல்லையே கொஞ்சம் தோண்டுவோம். தருக்க நூல்களில் ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. புகை இருந்தால் நெருப்பு உண்டு. ஆனால் நெருப்பு இருந்தால் புகை உண்டு என்று சொல்லக் கூடாது. காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈர விறகு என்ற மறைந்த நிபந்தனைதான் புகையைக் கொண்டுவருகிறது. அதை உபாதி என்றார்கள். மின்தேக்கி விஷயத்தில் அருகாமை என்பது வெளியே தெரிகிற நெருப்பு. உண்மையில் வேலை செய்கிற நிபந்தனை வேறு. பவர் காலிலிருந்து மின்தேக்கிக்குப் போய், மின்தேக்கி வழியே கிரவுண்டுக்கு இறங்கி, சிப்பின் கிரவுண்டு காலுக்குத் திரும்பி வருகிற முழுச் சுற்றின் இண்டக்டன்ஸ்தான் அது. மின்தேக்கியைப் பவர் காலிலிருந்து இரண்டு மில்லிமீட்டரில் வைத்துவிட்டு, அதன் மறுமுனையை நீண்டு வளைந்த மெல்லிய தடத்தால் கிரவுண்டோடு சேர்த்த பலகைகள் உண்டு. விதியின் எழுத்து நிறைவேறிவிட்டது. சுற்று பெரிதாகவே இருக்கிறது. வேறொருவர் ஐந்து மில்லிமீட்டர் தள்ளி வைத்து, இரு முனையிலும் குட்டையான அகலத் தடமும் உடனே கிரவுண்டு தளத்துக்கு இறங்கும் வயாவும் (அடுக்குகளை இணைக்கும் துளை) கொடுக்கிறார். பார்வைக்கு இவர் விதியை மீறியவர், பலனில் முந்தியவர். விதியைச் சொன்னவர் உபாதியையும் சொல்லியிருந்தால் முதலாமவர் இப்படி ஏமாந்திருக்க மாட்டார்.

காரணத்தைக் கேட்பது சிரத்தைக்கு எதிரானது என்று நினைப்பவர்கள், சடங்குக்கு உயிரையே கொடுத்த மீமாம்சகரைத் திரும்பிப் பார்க்க வேண்டும். வேத வாக்கியத்துக்கு ஆசிரியர் எவருமில்லை, அதனால் அதில் பிழையே வராது என்று வாதாடியவர்கள் அவர்கள். கட்டளையை அவர்களைவிட இறுகப் பிடித்தவர் இல்லை. அவர்களே, கண்கூடான பயன் கிடைக்கிற இடத்தில் காணாப் பயனைக் கற்பிப்பது முறையல்ல என்று நெறி வகுத்தார்கள். யாகத்துக்கான நெல்லைக் குத்த வேண்டும் என்று விதி. ஏன் என்று கேட்டால் உமியை நீக்க. நகத்தால் உரித்தாலும் உமி போகுமே, பிறகு குத்துதான் வேண்டும் என்று வரையறுப்பானேன் என்ற கேள்விக்கு மட்டும் காணாப் பயனை அழைக்கிறார்கள். சரி, ஒரு வேள்வியில் நெல்லுக்குப் பதிலாகக் குன்றிமணி அளவுப் பொன்துண்டுகளை இட்டு அவி சமைக்க வேண்டியிருக்கிறது. மூல விதியின் படிகள் எல்லாம் இங்கும் தொடர வேண்டும் என்பது பொது ஏற்பாடு. பொன்னை உரலில் இட்டுக் குத்த வேண்டுமா? வேண்டாம் என்பது அவர்கள் தீர்ப்பு. உமி இல்லை, ஆகவே குத்துக்கு வேலை இல்லை. ஜைமினியின் மீமாம்சா சூத்திரம் பத்தாம் அத்தியாயத்தில் இத்தகைய விலக்குகளைத்தான் வரிசையாக ஆராய்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது, விதியின் மீது எந்த அவநம்பிக்கையும் இல்லை என்பது. காரணம் தெரிந்ததால் விதியை அவர்கள் கைவிடவில்லை, அது எங்கே முடிகிறது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. அவ்வளவுதான், ஆனால் அது அதிகம்.

மின்தேக்கி விதிக்கும் பொன்துண்டு வேள்வி வந்தது. பல அடுக்குப் பலகைகளில் ஒரு முழு அடுக்கையே பவருக்கும் இன்னொன்றைக் கிரவுண்டுக்கும் ஒதுக்குவார்கள். 1995இல் அமெரிக்காவின் மிசூரி-ரோலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாட் ஹூபிங் உள்ளிட்ட நால்வர் ஐ.இ.இ.இ. ஆய்விதழில் இத்தகைய பலகைகளை அளந்து எழுதினார்கள். இரு தளங்களும் மிக நெருங்கி இருக்கும்போது, அவற்றின் ஊடே ஓடும் மின்னோட்டத்துக்கு இண்டக்டன்ஸ் மிகக் குறைவு. மின்தேக்கியைத் தளத்தோடு இணைக்கும் தடமும் வயாவும்தான் பெரிய தடை. எனவே மின்தேக்கி சிப்பிலிருந்து எவ்வளவு தூரம் என்பது முக்கியமற்றுப் போகிறது. எப்படி இணைத்தார்கள் என்பதே பேசுகிறது. தளங்கள் விலகி இருந்தாலோ, தளமே இல்லாத இரண்டு அடுக்குப் பலகை என்றாலோ, பழைய விதி பழையபடி உயிரோடு இருக்கிறது. உமி இருக்கும் இடமும் இல்லாத இடமும் இப்படிப் பிரிந்துவிட்டன. இன்னொரு எல்லை மேல் பக்கம் இருக்கிறது. 100 நானோ ஃபாரட் மின்தேக்கிக்கு இணைப்பையும் சேர்த்து ஒரு நானோ ஹென்றி இருந்தால், ஏறத்தாழ 16 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அது மின்தேக்கிபோல நடப்பதை விட்டு இண்டக்டர்போல நடக்கத் தொடங்கும். அதற்கு வெகு மேலே போனால் தளங்களும், சிப்பின் கூட்டுக்குள்ளும் அதனுள் இருக்கும் சிலிக்கான் துண்டின்மேலும் உள்ள தேக்கமும்தான் காப்பாற்ற வேண்டும். சிப்பை உரசிக்கொண்டு வைத்தாலும் வெளியே உள்ள மின்தேக்கி அங்கே எட்டாது. 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் லாரி ஸ்மித்தும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிய கட்டுரை, அனுமதிக்கப்பட்ட மின்னழுத்த ஆட்டத்தைத் திடீர் மின்னோட்டத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணை இலக்காக வைத்து மின்தேக்கிகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. எண்ணிக்கை விதி போய், எதற்காக என்ற கேள்வியே விதியானது.

ஒரு மின்தேக்கியின் விலை சில காசு. காரணம் ஆராய்கிற பொறியாளரின் ஒரு மணி நேரம் அதைவிட எத்தனையோ மடங்கு. இருந்துவிட்டுப் போகட்டுமே என்பார்கள். கடவுள் இருந்தால் லாபம், இல்லாவிட்டால் நட்டமில்லை என்று பாஸ்கல் பெயரால் வழங்கும் பந்தயத்தின் சாயல் இதில் உண்டு. பெரும்பாலான பலகைகளுக்கு இந்த வாதம் சரியே என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நட்டமில்லை என்பது பொய். எல்எம்2940 போன்ற பழைய ரெகுலேட்டர்கள், தம் வெளியீட்டிலுள்ள மின்தேக்கிக்கு உள்தடை ஓரளவு இருந்தால்தான் நிலைத்து நிற்கும். மிகக் குறைந்த தடையுள்ள பீங்கான் மின்தேக்கிகளை நல்லதுதானே என்று அங்கே அடுக்கினால் வெளியீடு ஊசலாடத் தொடங்கலாம். காரணமறியாத விதி எங்கும் பரவுவதற்குக் கூலி இது. பந்தயம் கட்டுகிறவர், மறுதட்டில் எதுவும் இல்லை என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறார். அதுவே இங்கே நிரூபிக்கப்பட வேண்டியது.

காரணம் தெரியாமை ஒரு குறை என்றால், போலிக் காரணம் அதைவிடக் கெட்டது. ஒரு சிப்புக்கு 10, 1, 0.1 மைக்ரோ ஃபாரட் என்று மூன்று மதிப்புகளை வரிசையாக வைக்கும் வழக்கம் இருக்கிறது. பெரியது கீழ் அதிர்வெண்களையும் சிறியது மேல் அதிர்வெண்களையும் பார்த்துக்கொள்ளும் என்பது சொல்லப்படும் விளக்கம். கால் நீண்ட மின்தேக்கிகளின் காலத்தில் மதிப்புக் குறைந்தது உருவிலும் சிறிதாக, அதனால் இண்டக்டன்ஸ் குறைவாக இருந்தது, விளக்கம் பொருந்தியது. இன்று மூன்றும் ஒரே அளவு உருவில் வருகின்றன, ஒரே அளவு இண்டக்டன்ஸோடு. மேல் அதிர்வெண்ணில் சிறியதற்குத் தனிச் சிறப்பு எதுவும் மிஞ்சவில்லை. போதாக்குறைக்கு, பெரியது இண்டக்டராகிவிட்ட பிறகும் சிறியது மின்தேக்கியாகவே இருக்கும் இடைவெளியில் இரண்டும் ஒத்ததிர்ந்து தடையைக் கூட்டிவிடவும் செய்யும். விளக்கம் கையில் இருப்பதால் யாரும் மறுபடி கேட்பதில்லை. சடங்குகளுக்கு விஞ்ஞானக் காரணம் கண்டுபிடித்துக் கைபேசியில் சுற்றுக்கு விடுகிறவர்கள் செய்வதும் இதுவே. மணியோசைக்கு நரம்பியல், தோப்புக்கரணத்துக்கு மூளைப் பயிற்சி என்று பின்னால் ஒட்டிய காரணங்கள் கேள்வியின் வாயை அடைக்கின்றன. பக்திக்கும் அதனால் நன்மையில்லை. நாளைக்கு அந்த விஞ்ஞானம் பொய் என்று தெரிந்தால் சடங்கும் கூடவே விழும். மின்னணுத் துறை இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மையாகவே நடந்துகொண்டது என்பேன்: ஹோவார்ட் ஜான்சனும் மார்ட்டின் கிரஹாமும் 1993இல் அதிவேக டிஜிட்டல் வடிவமைப்பைப் பற்றி எழுதிய பாடநூலுக்குத் துணைத்தலைப்பாகச் சூனியக் கையேடு என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்கள். அட்டையில் சூனியம், உள்ளே கணக்கு.

சமயத் தரப்பிலிருந்து வலுவான மறுப்பு ஒன்று எழும். மின்தேக்கியின் பயன் இறுதியில் அளந்து காணக்கூடியது. வழிபாட்டின் பயன் காணாப் பொருள். ஒன்றின் நியாயத்தை மற்றொன்றுக்கு நீட்டுவது எப்படிப் பொருந்தும்? வேறுபாடு உண்மையானது. காணாப் பயனுள்ள கட்டளையைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் காணும் பயன் எது, காணாப் பயன் எது என்று பிரித்துச் சொல்லும் கடமை கட்டளையைக் கடத்துகிறவருக்கு உண்டு. மீமாம்சகர் நெல்குத்தில் அந்தப் பிரிவைச் செய்துகாட்டினார்கள். மடிக்கும் தீட்டுக்கும் சுத்தம் காரணம் என்று ஒருவர் சொல்வாரானால், சுத்தமாக இருக்கிற ஒருவரைக் கருவறை வாசலில் நிறுத்த அந்தக் காரணம் இடம் தராது. சுத்தம் காரணமில்லை, காணாப் பயனே காரணம் என்றால் அதை அப்படியே வெளிப்படையாகச் சொல்லட்டும். கேட்பவர் ஏற்கலாம், மறுக்கலாம். கேள்வி வரும்போது ஒரு காரணத்தையும் அதிகாரம் செய்யும்போது இன்னொன்றையும் எடுப்பதுதான் ஏற்க முடியாதது. காரணங்களின் சங்கிலிக்கு முடிவேது, இண்டக்டன்ஸ் பற்றிய அறிவும் மாக்ஸ்வெல் சமன்பாடுகளும் பாடநூலில் படித்த உரைதானே என்றும் கேட்கலாம். ஆமாம், உரைதான். அதனால்தான் உரையை அளவையாக ஏற்றுக்கொண்டு இந்த விவாதத்தைத் தொடங்கினோம். வெறும் விதிக்கும் காரணத்தோடு வரும் உரைக்கும் உள்ள வேறுபாடு நிச்சயத்தின் அளவில் இல்லை. பின்னது, எந்த நிலையில் தான் பொய்த்துப்போகும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

டேட்டாஷீட்டும் வடிவமைப்பு நெறிகளும் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அருகில் வைக்கவும் என்ற வரிக்குக் கீழே, எத்தனை அடுக்குப் பலகைக்கு, எந்த இணைப்பு முறைக்கு, எந்த அதிர்வெண் வரை என்று இன்னொரு வரி எழுதுங்கள். வீட்டிலும் கோயிலிலும் முறை சொல்லித் தருகிறவர்களிடமும் கேட்பது அதுவே. காரணம் தெரிந்தால் எல்லையோடு சேர்த்துச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லியே கற்றுக்கொடுங்கள்.